அறிவினாவும் அறியாவினாவும்

நன்னூலார் சொல்லதிகாரத்துப் பொதுவியலில் வினாவை ஆறு வகையாகப் பகுத்துக் கூறினர். தான் அறிந்த ஒன்றனைப் பிறன் அறிவானோ என அளந்தறிதற்பொருட்டு ஒருவன் வினாவுவது அறிவினா. தான் அறியாத ஒன்றனை அறிந்துகொள்ளுதற்பொருட்டு வினாவுவது அறியாவினா. எஞ்சிய ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்னும் நான்கும் ஈண்டு வேண்டப்படா. இவ்வேறுபாட்டை விளக்க வகுப்பறையில் வழிவழியாகக் காட்டப்படும் உதாரணம் நினைவிற் கொள்ளத்தக்கது. ஒரு சூத்திரத்தின் பொருள் யாதென ஆசிரியன் மாணாக்கனைக் கேட்பின் அஃது அறிவினா. அதனையே மாணாக்கன் ஆசிரியனைக் கேட்பின் அஃது அறியாவினா. சொல்லும் ஒன்று, சூத்திரமும் ஒன்று. கேட்போன் நிலையே வேறு.

இலங்கைத் தமிழ் மாணவரின் கல்வி கடந்த ஒன்றரை நூற்றாண்டில் எவ்வழிச் சென்றது என்பதை ஆராயப் புகுவோர்க்கு இவ்விலக்கணப் பாகுபாடு நல்லதோர் அளவுகோலாகும். வகுப்பறையில் அறிவினா பெருகிற்று, அறியாவினா அருகிற்று. இதற்குக் காரணம் பரீட்சையே என்பர் பலர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிரத்தியேக வகுப்பு நடாத்தும் நிலையங்களின் வாயில்களில் மாணவரின் படங்களையும் பெறுபேறுகளையும் தாங்கித் தொங்கும் பதாகைகளைக் கண்டோர்க்கு அக்கூற்றை மறுத்தல் அரிது. எனினும் பரீட்சை என்பது ஒன்றன்று. தெரிந்தெடுத்தற்கு நடப்பது ஒன்று. அறிதற்கு நடப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே பெயரால் வழங்குதலே குழப்பத்திற்கு வித்தாயிற்று.

பெயரையே முதலில் நோக்கலாம். தமிழகத்தார் ‘தேர்வு’ என்பர். தேர்ந்தெடுத்தல் என்னும் பொருள் அதன்கண் வெளிப்படை. யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிற் ‘சோதினை’ என்பர். பொன்னை உரைத்துப் பார்க்கும் செயலின் சாயல் அதிலுண்டு. ஏட்டு வழக்கில் ஈழத்தார் ஆள்வது ‘பரீட்சை’. இவ்வடசொல் ‘பரி’ என்னும் முன்னடையும் காணுதலைக் குறிக்கும் வினையடியும் சேர்ந்து ஆயது. சுற்றிலும் நின்று எல்லாப் பக்கமும் நோக்குதல் என்பது அதன் முதற்பொருள். மூன்று மணித்தியாலத்துள் ஒரு பக்கத்தை மாத்திரம் நோக்கி எழும் ஒன்றற்கு இப்பெயர் வாய்த்தது விந்தையே.

பண்டைத் தமிழ்க் கல்வியிற் பரீட்சை இருந்ததில்லை என்று கூறுதல் பொருந்தாது. அரங்கேற்றம் ஒரு பரீட்சையே. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்து அதங்கோட்டாசான் முன்னிலையிற் தொல்காப்பியம் அரங்கேறியது எனப் பாயிரம் கூறும். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவி ஐந்தாம் ஆண்டிற் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் ஆண்டிற் சோழன் முன் ஆடித் தலைக்கோலும் ஆயிரத்தெண் கழஞ்சு பொன் பெறும் மாலையும் பெற்றாள். இவ்விரு பரீட்சைகளிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. பரீட்சிக்கப்பட்டது செயல் முழுமையும். அதனைப் பற்றிய குறிப்பன்று. மாதவியை நோக்கி ஆடல்வகை பதினொன்றன் பெயர்களை எழுதுக என்று எவரும் கேட்டிலர்.

கற்கும் முறை பற்றி நன்னூற் பொதுப்பாயிரம் கூறுவது இன்னும் நுட்பமானது. ஆசிரியன் கூறியதைப் பொருந்தக் கொள்ளினும் மாணாக்கன் பெறுவது காற்கூறே. உடன் கற்போரோடு பயில்வதால் மற்றொரு காற்கூறு வந்து சேரும். எஞ்சிய அரைக்கூறு, தான் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிரம்பும். வினாவுதலும் வினாவியவற்றிற்கு விடை கூறுதலும் கற்றலின் உறுப்புக்களாக அங்கே வைத்தெண்ணப்படுகின்றன. இக்கணக்கைத் தற்காலத்து வகுப்பறையோடு ஒப்பிட்டு நோக்கின் வியப்பே மிகும். ஆசிரியர் கூறும் காற்கூறு முழுக்கூறாகி விட்டது. உடன் கற்போன் போட்டியாளன் ஆயினமையால் அவனோடு பயில்தல் ஆகாதெனப் பெற்றோரே எச்சரிக்கின்றனர். பிறர்க்கு எடுத்துரைக்கும் அரைக்கூற்றுக்குப் பாடநேர அட்டவணையில் இடமில்லை.

சைவசித்தாந்த மரபிலும் இவ்வேறுபாடு நன்கு புலப்படும். மெய்கண்ட சாத்திரங்களுள் ஒன்றாகிய வினாவெண்பாவை உமாபதி சிவாசாரியார் 13 வெண்பாக்களில் அருளினர். தம் ஆசிரியராகிய மறைஞான சம்பந்தரை முன்னிலைப்படுத்தி, தமக்கு எழுந்த ஐயங்களை அவர் வினாவுதலே நூல். மாணாக்கன் வினாவையே ஒரு சாத்திரமாகப் போற்றிய மரபு அது. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் இயற்றிய சைவ வினாவிடை வேறு வகையினது. அங்கு வினாவும் ஆசிரியர்க்குரியது, விடையும் ஆசிரியர்க்குரியது. 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய நாவலர், பாதிரிமாரின் பாடசாலைகளுக்கு எதிராக நின்று சிறுவருக்குச் சமயத்தைத் தெளிவுறக் கற்பிக்க வேண்டிய நிலையில் இருந்தார். அவ்வேளையில் வினாவிடை வடிவம் தக்க கருவியாயிற்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் வினாவெண்பாவிலிருந்து வினாவிடைக்கு வந்த தூரம் சிறிதன்று. முன்னதில் அறியாவினா நூலாயிற்று. பின்னதில் அறிவினாவும் விடையும் ஒருங்கே அச்சேறின. அச்சேறிய விடை மனனத்திற்கு வந்தது. நாவலர் நாட்டியது சமயத்தைக் காத்தற்கு இட்ட வேலி. பிற்காலத்தார் கல்வி முழுவதற்கும் அவ்வேலியையே கட்டிக்கொண்டனர்.

இதற்கிடையில் ஆட்சியாளர் வேறொரு தேவையோடு பரீட்சையைக் கொணர்ந்தனர். பரிந்துரையாலும் குடிப்பிறப்பாலும் பதவி கொடுக்கும் வழக்கம் இங்கிலாந்திலேயே பழிக்கப்பட்ட காலம் அது. 1855 முதல் இந்திய ஆட்சிச் சேவைக்குப் போட்டிப் பரீட்சை நடந்தது. பொன்னம்பலம் அருணாசலம் 1875இல் இலங்கை ஆட்சிச் சேவைக்குத் திறந்த போட்டியிற் சித்தியெய்திப் புகுந்த முதல் இலங்கையரானார். வெள்ளையர்க்கே உரியதாயிருந்த கதவை வெள்ளையர் வகுத்த பரீட்சையாலேயே ஒரு தமிழர் திறந்தனர் என்பது மறத்தற்கரிய செய்தி. பரீட்சையைப் பழிப்போர் இதனை முதலில் நினைத்தல் வேண்டும். பழைய குருகுலத்தின் வாயிலிற் சாதியும் பாலும் செல்வமும் காவல் நின்றன. பரீட்சை மண்டபத்தின் வாயிலிற் சுட்டெண் ஒன்றே கேட்கப்பட்டது. கொட்டாஞ்சேனையிற் துறைமுகத்துக் கூலியாளின் மகனும் வெள்ளவத்தையில் வழக்கறிஞரின் மகனும் ஒரே வினாத்தாளை ஒரே வேளையில் விரிக்கும் அந்த மூன்று மணித்தியாலம், இந்நாட்டிற் சமத்துவம் மெய்யாகவே நிலவும் அரிய வேளைகளுள் ஒன்று. மண்டபத்திற்கு வெளியே அச்சமத்துவம் எவ்வளவு என்பது வேறு வினா.

ஆனால் அதே காலத்திற் பரீட்சை வேறொரு பணிக்கும் ஏவப்பட்டது. 1869இற் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்த பின்னர், உதவி பெறும் பாடசாலைகளுக்குப் பெறுபேற்றுக்கு ஏற்ப நன்கொடை அளிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. பரிசோதகர் வருவர், பிள்ளைகளை வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் சோதிப்பர், சித்தியெய்தினோர் தொகைக்குத் தக்கவாறு பணம் வரும். 1862இல் இங்கிலாந்திற் புகுந்த திட்டத்தின் நிழல் அது. அங்கே அத்திட்டத்தைக் கடிந்தோருட் பாடசாலைப் பரிசோதகராயிருந்த கவிஞர் மத்தியூ ஆர்னல்டும் ஒருவர். அத்தகைய முறையின் விளைவை ஊகித்தல் கடினமன்று. ஆசிரியன் ஊதியம் மாணவன் விடையிற் தங்குமாயின், விடைக்கு அப்பாற்பட்ட எதனையும் கற்பித்தல் அவனுக்கு நட்டமாகும்.

1880 முதல் இலங்கையிற் கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் நடைபெறலாயின. ‘உள்ளூர்’ என்பது பெயரளவே. வினாத்தாள் இங்கிலாந்திலிருந்து வந்தது. விடைத்தாள் கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்றது. 1921இற் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோதும் அங்குக் கற்றோர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்திற்கே தோற்றினர். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும் வரை இந்நிலை நீடித்தது. ஆட்சிச் சேவைப் பரீட்சையில் வென்ற அருணாசலமே 1906இற் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்திற்குத் தலைமை தாங்கி, இந்நாட்டிற்கெனப் பல்கலைக்கழகம் ஒன்று வேண்டுமென வாதாடினர் என்பதும் கருதத்தக்கது. பரீட்சையால் உயர்ந்தவரே பரீட்சை மாத்திரம் போதாதெனக் கண்டனர். கற்பிப்போன் ஒருவன், வினாவுவோன் மற்றொருவன் என்னும் பிரிவினை இக்காலத்திலேதான் வேரூன்றிற்று. வினாவுவோன் யார் என்று ஆசிரியனும் அறியான், மாணவனும் அறியான். இருவரும் ஒரு பக்கத்தில் நின்று, முகங்காணா ஒருவனின் அறிவினாவை எதிர்நோக்கிக் காத்திருப்பர். அந்நிலையில் ஆசிரியனுக்குரிய திறமை, வரக்கூடிய வினாவை ஊகித்தறியும் சோதிடத் திறமையாக மாறுதல் இயல்பே. இன்று காலி வீதியின் இருமருங்கிலும் பெயர்பெற்று விளங்கும் பிரத்தியேக வகுப்பாசிரியர்கள் இச்சோதிட மரபின் வழித்தோன்றல்கள் எனல் மிகையாகாது.

தமிழ்க் கல்வியும் இக்காற்றிலிருந்து தப்பவில்லை. பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என மூன்று படிகளிற் பரீட்சை நடாத்திற்று. யாழ்ப்பாணத்தில் 1921இல் எழுந்த ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கமும் அவ்வழியே சென்றது. ஆங்கிலப் பட்டத்திற்கு நிகராகத் தமிழ்ப் புலமைக்கும் ஒரு முத்திரை வேண்டுமென்ற எண்ணம் இவற்றின் பின்னணியில் இருந்தது. அம்முத்திரை பல பண்டிதர்களைத் தமிழாசிரியர்களாக ஆக்கிற்று என்பது பெருமைக்குரியதே.

மட்டக்களப்பிற் பிறந்த மயில்வாகனனார் 1916இல் மதுரைச் சங்கத்துப் பண்டிதப் பரீட்சையிற் சித்தியெய்தினர்; அவ்வாண்டிலேயே கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானத் தராதரப் பத்திரமும் பெற்றனர்; 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் பெற்றனர். இம்மூன்று பரீட்சைகளும் அவர்க்கு உதவின என்பதில் ஐயமில்லை. பண்டிதப் பரீட்சை சிலப்பதிகாரத்தைத் தந்தது. விஞ்ஞானப் படிப்பு ஒலியின் கணக்கைத் தந்தது. ஆனால் அரங்கேற்று காதையிற் கூறப்படும் யாழ் எவ்வடிவினது, அதன் நரம்புகள் எவ்வாறு சுருதி கூட்டப்பட்டன என்னும் வினாவை எந்தப் பரீட்சையும் அவரிடம் கேட்டிலது. அவ்வினா அவருள்ளேயே எழுந்த அறியாவினா. விபுலானந்த அடிகளாராகிய அவர் அதற்கு விடை காணப் பல்லாண்டு உழைத்து 1947இல் யாழ்நூலை வெளியிட்டனர். அவ்வாண்டு ஜூலையிலேயே மறைந்தனர். பரீட்சையில் வல்லாரெல்லாம் கல்வியிற் குறைந்தோர் என்னும் மேலெழுந்தவாரியான கருத்துக்கு அடிகளார் வாழ்வே மறுப்பாகும். அவர்தம் வாழ்வு காட்டுவது பிறிதொன்று: பரீட்சை அவர்க்குத் துறைமுகமாயிருக்கவில்லை, தோணியாயிருந்தது.

உ. வே. சாமிநாதையர் வரலாறு இன்னும் தெளிவான சான்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் பாடங்கேட்டது எந்தச் சான்றிதழும் இல்லாத முறையில். 1880இற் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரான பின்னர், அவ்வூருக்கு மாற்றலாகி வந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றனர். என்னென்ன நூல்கள் கற்றீர் என முதலியார் வினாவினர். ஐயர் தாம் கற்ற அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ், புராணம் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துக் கூறினர். முதலியார் அவற்றால் மனநிறைவு பெற்றிலர். பழைய நூல்களைக் கற்றதுண்டோ, சீவகசிந்தாமணியைக் கற்றதுண்டோ என்றனர். ஐயர் அதனைக் கற்றதில்லை.

அச்சந்திப்பு பரீட்சை மண்டபத்தில் நிகழ்ந்திருப்பின் அதனோடு செய்தி முடிந்திருக்கும்: வினா ஒன்று, விடை இன்று, புள்ளி பூச்சியம். ஆனால் முதலியார் கேட்டது அறிவினாவன்று. அவர் தாமும் சிந்தாமணியைக் கற்றவரல்லர், கற்க விரும்பியவர். பிரதியைத் தேடிக் கொடுத்து, அதனைப் பாடஞ் சொல்லுமாறு வேண்டினர். அறியாதார் இருவர் ஒரு நூலின் முன் அமர்ந்தனர். 1887இற் சீவகசிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேறியது. அதன் வழியே பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் வந்தன. விடை தெரியாமை கல்வியின் முடிவாகாது தொடக்கமாகும் வாய்ப்பு, வினாவுவோனும் அறியாதவனாய் இருக்கும்பொழுதே உண்டாகும் போலும்.

இனி இலக்கியப் பாடத்திற் பரீட்சை செய்யும் வேலையைச் சிறிது விரித்துக் கூறுதல் தகும். தமிழ் வினாத்தாள்களிற் செய்யுளொன்றைக் கொடுத்து அதன் நயத்தை எடுத்துரைக்குமாறு கேட்டல் நெடுங்கால வழக்கு. வினாவின் நோக்கம் உயர்ந்ததே. முன்பு காணாத பாட்டை மாணவன் தன் உள்ளத்தால் நுகர்ந்து, நுகர்ந்ததைத் தன் சொல்லாற் கூற வேண்டும் என்பதே அதன் கருத்து. ஆனால் மாணவர் எழுதும் விடைகளைத் திருத்தும் ஆசிரியர் யாவரும் அறிந்த ஒரு வாக்கியம் உண்டு. கவிஞர் எளிய சொற்களைக் கையாண்டு, எதுகையும் மோனையும் பொருந்த, உவமை உருவகங்களைத் தக்கவாறு அமைத்து, படிப்போர் உள்ளத்தைக் கவரும் வண்ணம் பாடியுள்ளார் என்பதே அது. இவ்வாக்கியம் கம்பன் பாட்டுக்கும் பொருந்தும். பாரதி பாட்டுக்கும் பொருந்தும். சவர்க்கார விளம்பரத்திற்கு எழுதிய பாட்டுக்கும் ஒருவாறு பொருந்தும். எதற்கும் பொருந்துவதாலேயே அஃது எதனையும் கூறவில்லை. ஆயினும் அதற்குப் புள்ளி வழங்கப்படுகின்றது. புள்ளித்திட்டத்தில் எதுகைக்கு ஒன்று, உவமைக்கு ஒன்று, கருத்துக்கு ஒன்று எனப் பகுத்து வைத்தால், ஆயிரக்கணக்கான விடைத்தாள்களைப் பல ஆசிரியர் ஒரே அளவையால் திருத்த இயலும். நடுவுநிலைமைக்கு அது வேண்டும். ஆனால் அந்தப் பாட்டு தனக்குப் பிடிக்கவில்லை, இன்ன இடத்தில் உவமை தளர்ந்துள்ளது எனத் துணிந்து எழுதும் மாணவனுக்கு அத்திட்டத்தில் வழியேது? இலக்கியத் திறனாய்வின் முதற்படி விருப்பு வெறுப்பைத் தான் உணர்தலும் அதற்குக் காரணம் தேடுதலுமே. அப்படியைக் கடவாமலே மேற்படியில் நிற்பதாக மாணவன் நடிக்க வேண்டியிருக்கின்றது. நயம் அறியாதவன் நயம் உரைக்கக் கற்றுக்கொள்வது கல்விக் குறைவாக மாத்திரம் முடியாது. அதன்கண் ஒருவகைப் பொய்ம்மையும் உண்டு. பதினெட்டு வயதிற் பழகிய அப்பொய்ம்மை பின்னாளில் நூல் மதிப்புரைகளிலும் வெளியீட்டு விழா மேடைகளிலும் தொடர்ந்து கேட்கின்றது.

விடைத்தாள் திருத்தும் முறையைக் குறை கூறுவது எளிது. அதனைக் கைவிடுவது எளிதன்று. தமிழர்க்கு இது வெறும் கல்விக் கொள்கை பற்றிய விவாதமாக இருந்ததில்லை. 1945 அக்டோபர் முதல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தபின், ஏழைக் குடும்பத்துப் பிள்ளையும் பல்கலைக்கழகத்தை நோக்கலாமென்ற நிலை எழுந்தது. பரீட்சைப் பெறுபேறே அதற்கு ஏணி. 1970ஆம் ஆண்டுப் பரீட்சையின் அடிப்படையிற் பல்கலைக்கழகத்திற்கு மாணவரை எடுத்தபோது அவ்வேணியின் படிகள் மொழிக்கு ஏற்ப வெவ்வேறு உயரத்தில் வைக்கப்பட்டன. பேராதனையிற் பொறியியல் கற்கத் தமிழ்மொழி மூலம் தோற்றியோர் 250 புள்ளியும் சிங்களமொழி மூலம் தோற்றியோர் 227 புள்ளியும் பெற வேண்டியிருந்தது. மருத்துவத்திற்கு முறையே 250, 229. சுட்டெண் பெயரை மறைத்தது, மொழியை மறைக்கவில்லை. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் புகுந்தன. மாவட்ட ஒதுக்கீட்டால் மன்னார், வவுனியா போன்ற பின்தங்கிய பகுதிகளின் தமிழ்ப் பிள்ளைகளும் பயன் பெற்றனர் என்பதை யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருந்து எழுதுவோர் பெரும்பாலும் விட்டுவிடுவர், விடுதல் நேர்மையன்று. ஆயினும் மொழிவாரி வேறுபாடு உண்டாக்கிய காயம் ஒரு தலைமுறையின் போக்கையே மாற்றிற்று. அத்தலைமுறைக்குப் புள்ளி என்பது அறிவின் அளவாக இருக்கவில்லை. நீதியின் அளவாக இருந்தது.

1983 ஜூலையில் வெள்ளவத்தையில் வீடும் கடையும் எரிந்தன. போர் நீண்ட ஆண்டுகளில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த குடும்பங்கள் அதே வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புக்களிலும் கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய தெருக்களிலும் அறையெடுத்துத் தங்கின. நிலத்தைக் கொண்டுவர இயலாது. வீட்டைக் கொண்டுவர இயலாது. கல்விச் சான்றிதழை மடித்துக் கொண்டுவரலாம். அத்தகைய குடும்பத்தின் தாய் ஒருத்தி விடியற்காலை ஐந்து மணிக்கு மகளை எழுப்பி வகுப்புக்கு அனுப்புவதைக் கண்டு, பரீட்சை மோகம் என்று நகைத்தல் அறிவுடையோர் செயலாகாது. பரீட்சைமுறையைத் திறனாயும் எழுத்துக்கள் பல, உண்டு முடித்தோர் உணவைப் பழிப்பது போல, பட்டம் பெற்று முடித்தோராலேயே எழுதப்படுகின்றன.

எனினும் அத்தாயின் மகள் எதனைப் பெறுகின்றாள் என்னும் வினாவைத் தவிர்க்க முடியாது. 2001 முதற் பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி அடிப்படையாக உள்ளது. ஒரு பாடத்தில் மாணவன் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்திற்குத் தோற்றியோர் அனைவரது சராசரியைக் கழித்து, எஞ்சியதை நியம விலகலால் வகுத்துப் பெறுவது அது. கடினமான பாடத்தைக் கற்றோனும் எளிதான பாடத்தைக் கற்றோனும் ஒரே வரிசையில் நிற்பதற்கு உதவும் கணிதம் என்னும் அளவில் அது நேர்மையானது. அது தவறாகக் கையாளப்படும்போது யாது விளையும் என்பதை 2011ஆம் ஆண்டுப் பரீட்சை காட்டிற்று. பழைய பாடத்திட்டத்திற்கும் புதிய பாடத்திட்டத்திற்கும் தோற்றிய இரு கூட்டத்தாரை ஒன்றாகக் கணித்தமையால், 2012இல் உயர் நீதிமன்றம் அக்கணிப்பைத் தள்ளுபடி செய்ய நேர்ந்தது.

கணிப்பு நேராக நடந்தபோதும் இசட் புள்ளியின் இயல்பு ஒன்று உண்டு. அது மாணவன் அறிந்ததை அளப்பதன்று. ஏனையோரிலிருந்து அவன் நிற்கும் தூரத்தை அளப்பது. நாட்டிலுள்ள மாணவர் அனைவரும் ஓராண்டில் முன்னையோரினும் ஒருசேர நன்கு கற்றுவிடினும், ஒருவரது இசட் புள்ளியும் அதனால் உயராது. அனைவரும் ஒருசேரக் குன்றினும் அது தாழாது. மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி அறிவிக்கப்படும் நாளில் வெள்ளவத்தை வீடொன்றில் அழுகையும் அடுத்த வீட்டில் மகிழ்ச்சியும் எழும். இரு வீட்டுப் பிள்ளைகளும் அறிந்தவற்றுள் வேற்றுமை மிகச் சிறிதாய் இருத்தல் கூடும். அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படைக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படும் ஒழுங்கிற் கொழும்பு மாவட்டத்துப் பிள்ளை கடக்க வேண்டிய கோடு பல துறைகளில் உயர்ந்தது. இவையெல்லாம் இடம் குறைவு என்னும் ஒரே காரணத்தால் விளைபவை. இடம் குறைவாயிருக்கும் வரை தெரிவு வேண்டும். தெரிவு வேண்டும் வரை வெட்டுப்புள்ளி இருக்கும். அதனைக் கல்வி என்று அழையாதிருத்தல் போதும்.

ஐந்தாம் தரப் புலமைப் பரிசில் பரீட்சை இதனினும் வருந்தத்தக்கது. திறமையுள்ள ஏழைப் பிள்ளைக்கு உதவிப்பணமும் நல்ல பாடசாலையில் இடமும் கொடுத்தல் அதன் நோக்கம். பத்து வயதுப் பிள்ளைக்கும் அத்தாக்கத்தை அப்பரீட்சை இறக்கி வைத்தது. 2024 செப்டெம்பரில் நடந்த அப்பரீட்சையின் வினாக்கள் சில முன்னரே வெளிப்பட்டன என்ற செய்தியால் விடைத்தாள் திருத்தும் பணி நிறுத்தப்பட்டு, விடயம் நீதிமன்றம் வரை சென்றது. களவு போகும் அளவுக்கு ஒரு சிறுவர் வினாத்தாள் விலை பெற்றுவிட்டமை, களவினும் பெரிய செய்தி.

எதுவும் கிடைக்காத பரீட்சை ஒன்று கொட்டாஞ்சேனையிலேயே உண்டு. 1897 ஜனவரியிற் கொழும்பிற் கால்வைத்த சுவாமி விவேகானந்தரின் பெயரால் 1902இல் நிறுவப்பட்ட விவேகானந்த சபை, நாடளாவிய முறையிற் சைவசமய பாடப் பரீட்சையை நெடுங்காலமாக நடாத்தி வருகின்றது. அதிற் சித்தியெய்தினோர்க்குச் சான்றிதழும் பரிசும் உண்டு. பல்கலைக்கழக இடமில்லை, பதவியில்லை, வெட்டுப்புள்ளியில்லை. ஆயினும் நாட்டின் பல பகுதிகளிலும் பிள்ளைகள் தோற்றுகின்றனர். பெற்றோர் சிலர் இதனாற் பயன் என்ன எனக் கேட்பதுண்டு. அக்கேள்வியே இப்பரீட்சையின் பெருமை. ஏதும் கிடையாது என்று தெரிந்தும் ஒரு பிள்ளை தேவாரத்தைத் திறக்கின்றது. உள்ளே நிறைந்திருப்பதை வெளிக்கொணர்தலே கல்வி எனக் கொண்ட சுவாமிகளின் பெயர் தாங்கிய சபை, தெரிந்தெடுத்தற்கன்றி அறிதற்கென ஒரு பரீட்சையை நடாத்துதல் பொருத்தமே. இங்கும் மனனமே மிகுதி என்று குறை கூறுவோர் உளர். குறை உண்மையே. ஆனால் தேவாரம் மனனஞ் செய்யத்தக்கது. வெட்டுப்புள்ளிக்காக மனனஞ் செய்த உயிரியற் குறிப்புப் பரீட்சை முடிந்த மறுநாளே கழன்றுவிடும், பத்து வயதில் மனனஞ் செய்த பதிகம் எழுபதிலும் வாயிலிருக்கும்.

ஆகவே தெரிவுக்குரிய பரீட்சையை ஒழித்தல் என்னும் பேச்சிற் பயனில்லை. அதனால் முதலில் இடம் இழப்போர் செல்வாக்கு இல்லாதவரே. பாடசாலை மட்டக் கணிப்பீடு என்ற பெயரில் ஆசிரியனே மாணவனை ஆண்டு முழுதும் கணிக்கும் முறை கொணரப்பட்டும் அது வேர்பிடித்திலது. தன் ஆசிரியன் இடும் புள்ளியைப் பெற்றோர் நம்புவதிலும் முகந்தெரியாத ஒருவன் இடும் புள்ளியை நம்புவதே இந்நாட்டின் அனுபவம். அவநம்பிக்கை வளர்த்த வழக்கத்தைச் சுற்றுநிருபத்தால் மாற்றல் ஆகாது. செய்யக்கூடியது, வகுப்பறையைத் தெரிவுப் பரீட்சையின் நிழலிலிருந்து சிறிது விலக்குதலே. பாடசாலைகள் தம்முள் நடாத்தும் தவணைப் பரீட்சைகளேனும் பொதுப் பரீட்சையின் சிறு பிரதிகளாக இருக்க வேண்டியதில்லை. ஒரு தவணை, நன்னூலார் கூறிய அரைக்கூற்றுக்கு விடப்படலாம்: மாணவன் தான் கற்ற ஒரு பகுதியைக் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கட்டும், ஆசிரியர் பின்னிருந்து கேட்கட்டும். கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் வெள்ளவத்தையில் நடந்து செல்லும் தூரத்திலேயே உள்ளது. கடந்தகால வினாத்தாள்களைப் பிரதி செய்தற்கன்றி ஒரு நூலைத் தேடி அங்குச் செல்லுமாறு ஒரு தவணையில் ஒருமுறையேனும் மாணவர் ஏவப்படலாம்.

தவணைப் பரீட்சைத் தாளின் இறுதியில் ஒரு வினா சேர்க்கப்படலாம்: இப்பாடத்தில் உமக்கு இன்னும் விளங்காதது யாது, அதனை ஒரு வினாவாக எழுதுக என்பது. அதற்குப் புள்ளித்திட்டம் வகுத்தல் எளிதன்று. சில மாணவர் முதலாண்டில் அதனை வெறுமையாகவே விட்டு எழுந்து செல்வர்.